கட்டடமா கேள்வி? நிமிஷமல்லவா கேள்வி!



லாஸ்பேட்டை என்றதும் புதுவைக்காரனுக்கு விமான நிலையம்தான் ஞாபகம் வரும். லா என்ற பிரெஞ்சுக் கவர்னரின் பெயரைச் சுமக்கும் அந்தப் பேட்டையில், வேலிக்கு உள்ளே ஒரு நியாயம், வேலிக்கு வெளியே ஒரு நியாயம்.

பயணிகள் விமானம் வந்து போகும் நிலையம் எதுவானாலும், ஓடுபாதையின் எந்தக் கோடியில் தீப்பிடித்தாலும், தீயணைப்பு வண்டி 3 நிமிஷத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இது சர்வதேச விதி. 2 நிமிஷத்தில் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று அந்த விதியே சொல்கிறது. நல்ல விதி, உயிர் காக்கும் விதி. அதில் நமக்குத் தகராறு இல்லை.

வேலிக்கு வெளியே என்ன நிலை? மத்திய உள்துறையின் தீயணைப்பு ஆலோசனைக் குழு, நகரத்துக்கு 5 முதல் 7 நிமிஷம், கிராமத்துக்கு 20 நிமிஷம் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அது வெறும் சிபாரிசு. அதை மீறினால் எந்த மந்திரியின் நாற்காலியும் ஆடாது. கீற்றுக் குடிசை 20 நிமிஷம் காத்திருக்குமா? பிள்ளையின் புஸ்தகம், ரேஷன் கார்டு, மனைப் பட்டா, அறுவடைக் கூலியாக வந்த நெல் எல்லாம் அதற்குள் சாம்பல்!

தீயணைப்பு யாருக்காகப் பிறந்தது?

இந்த வேலி இன்று நேற்றுப் போட்டதல்ல. 1666-ல் லண்டன் மாநகரம் எரிந்தது. அதன் பிறகு அங்கே தீயணைப்புப் படைகளை நடத்தியவர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். எதற்காக? தாங்கள் பணம் கொடுக்க வேண்டிய சொத்துக்களைக் காப்பாற்றுவதற்காக! 1861-ல் டூலி வீதிப் பண்டகசாலைகள் எரிந்தன. நஷ்டம் மலைபோல் குவிந்ததும், இனி இந்தச் சுமை எங்களால் ஆகாது என்று கம்பெனிகள் கைவிரித்தன. 1865-ல்தான் சட்டம் வந்தது. அதன் பின்னரே பொதுப் பணத்தில் படை அமைந்தது. சொத்துக்காகப் பிறந்த தீயணைப்பை உயிருக்காக மாற்றுவதற்கு இத்தனை காலம் பிடித்தது. அந்த வேலை இன்னும் முடியவில்லை.

இரண்டு கட்சிகள்

ஒரு சின்ன ஊரின் தீயணைப்பு நிலையத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பும். ஒன்று சிக்கனக் கட்சி. "பழைய கட்டடமே போதும், சுண்ணாம்பு அடித்து ஓட்டை அடைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். இன்னொன்று அடிக்கல் கட்சி. "இடித்துத் தள்ளு, புதிதாகக் கட்டு, கல்வெட்டில் பெயர் போடு" என்பார்கள். முதல் கட்சிக்குச் செலவைப் பற்றிக் கவலை. இரண்டாவது கட்சிக்குக் காண்ட்ராக்டைப் பற்றிக் கவலை. எரிகிற குடிசையைப் பற்றிக் கவலைப்படுவது யார்?

இந்த இழுபறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் புதுவை ஜனங்கள் கண்ணால் பார்த்தவர்கள். கடற்கரையில் 'மேரி' என்று நாம் சொல்லும் பழைய நகராட்சி மாளிகை 19-ம் நூற்றாண்டில் கட்டியது. உரிய காலத்தில் அதைச் செப்பனிடவில்லை. 2014 நவம்பர் 29-ம் தேதி மழையில் அது தானாகவே இடிந்து விழுந்தது! பிறகு உலக வங்கிக் கடனில், கடலோரப் பேரிடர்த் தணிப்புத் திட்டத்தின் கீழ், அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். 2021-ல் திறப்பு விழா. முடிவு எடுக்காமல் காலம் கடத்துவதும் ஒரு முடிவுதான். எல்லாவற்றிலும் செலவு கூடிய முடிவு அதுவே. மாளிகை விழுந்தால் மாளிகை கட்டலாம். தீயணைப்பு நிலையம் விழுந்தால் அதன் கீழ் நிற்கும் வண்டியும் போகும், உள்ளே படுத்திருக்கும் சிப்பந்தியும் போவான்.

எப்படி முடிவு செய்வது?

எஸ்டிமேட் போடுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்.

முதலாவது, இடம். அந்த இடத்திலிருந்து குடிசைப் பகுதிக்கு எத்தனை நிமிஷம்? சந்தை நாளில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எத்தனை நிமிஷம்? வண்டியை ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இடமே தவறு என்றால் செப்பனிடுவதும் வீண், அதே மனையில் புதிதாகக் கட்டுவதும் வீண்.

இரண்டாவது, எலும்பு. 4,500 லிட்டர் கொள்ளும் வண்டியில் தண்ணீரின் எடை மட்டும் நாலரை டன். தரை தாங்குமா? வாசலில் இன்றைய வண்டி நுழையுமா? உப்புக் காற்றில் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்திருக்கிறதா? எலும்பு நன்றாக இருந்தால் செப்பனிடு. மிச்சமாகும் பணத்தில் பம்பு வாங்கு, ஆள் போடு. எலும்பு உளுத்திருந்தால் சுண்ணாம்பு அடித்து ஜனங்களை ஏமாற்றாதே, இடி!

மூன்றாவது, தண்ணீர். நிமிஷத்துக்கு 1,800 லிட்டர் இறைக்கும் பம்பு முழு வேகத்தில் ஓடினால் அந்த 4,500 லிட்டரும் இரண்டரை நிமிஷத்தில் காலி. அடுத்த தண்ணீர் எங்கே? மேல்நிலைத் தொட்டியில் வண்டிக்கென்று குழாய் உண்டா? குளத்தங்கரைக்கு வண்டி போகப் பாதை உண்டா?

நான்காவது, இடைக்காலம். புதிதாகக் கட்டும் காலத்தில் வண்டி எங்கே நிற்கும்? கட்டடம் முடியும் வரை தீ காத்திருக்குமா?

இந்த நான்குக்கும் பதில் இல்லாத திட்டம், செப்பனிடும் திட்டமானாலும் சரி, புதுக் கட்டடத் திட்டமானாலும் சரி, காகிதக் கப்பல்தான்.

தொண்டா, ஓசி உழைப்பா?

இப்போது மூன்றாவதாக ஒரு கனவான் எழுந்திருப்பார். "சின்ன ஊருக்குச் சம்பளப் படை எதற்கு? தொண்டர் படை வைத்தால் செலவே இல்லையே" என்பார்.

தொண்டைப் பற்றி நமக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குடிசை பற்றினால் முதலில் குடத்தோடு ஓடி வருவது யார்? பக்கத்துக் குடிசைக்காரி! ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி வேண்டும், கருவி வேண்டும் என்று கேட்பவர்களும் நாம்தான். ஆனால் பயிற்சிக்குப் போகும் நாளின் கூலியை யார் கொடுப்பது? காயம் பட்டால் வைத்தியம் யார் செலவில்? உயிர் போனால் குடும்பத்துக்குக் கதி என்ன? பிரான்ஸ் தேசத்தில் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பேர் தொண்டர்கள்தான். ஆனால் அவர்களுக்கு மணிக் கணக்கில் படி உண்டு. நம் நாட்டிலோ ஊர்க்காவல் படைக்காரனைத் தொண்டன் என்று பெயர் சொல்லியே பட்டினி போட்டார்கள். போலீஸ்காரனின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஈடாக அவனுக்குப் படி கொடு என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டி வந்தது.

1936 ஜூலை 30-ல் இதே புதுவையில் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். மறு வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்த மண்ணில் நின்றுகொண்டு, கூலியில்லாத ஒன்பதாவது மணியைத் தொண்டு என்ற பெயரில் கேட்பதா?

இன்னொன்றும் சொல்வோம். தீயை அணைப்பது பாதி வேலை, வராமல் தடுப்பது மறு பாதி. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் 94 குழந்தைகள் கீற்றுக் கூரையின் கீழ் கருகினார்கள். அப்படிப்பட்ட கூரையை முன்கூட்டியே போய்ப் பார்த்து "இறக்கு" என்று சொல்ல, அதிகாரமும் சம்பளமும் உள்ள நிரந்தரச் சிப்பந்தி வேண்டும். தொண்டன் சொன்னால் பள்ளி முதலாளி கேட்பானா?

பணம் யார் தருவது? முடிவு யார் செய்வது?

தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பு என்று கைகாட்டுவது மத்திய சர்க்காரின் வழக்கம். 15-வது நிதிக் கமிஷனின் சிபாரிசை வைத்து, மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளுக்கென்று 2023-ல் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள். புதுவையோ யூனியன் பிரதேசம்; அந்த நிதிக் கமிஷனின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. வரி வாங்கும்போது உள்ளே, பங்கு பிரிக்கும்போது வெளியே!

அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை, தீயணைப்பை நகராட்சியின் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. லாஸ்பேட்டை உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. அந்த நகராட்சிக்கு நாம் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் எங்கே? புதுவையில் 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து, 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அதன் காலம் முடிந்தது. பத்து வருஷத்துக்கு மேல் கடந்த பிறகும் அடுத்த தேர்தல் வரவில்லை. பிரெஞ்சுக்காரன் 1880-ல் ஏற்படுத்திய நகராட்சியைச் சுதந்திர சர்க்கார் அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டது. நிமிஷத்தைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலோடு 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 14-லும் அவர்களுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் உயிரோடு இருக்கும் வீரனுக்கு ஓட்டைக் குழாயையும் ஒழுகும் கூரையையும் கொடுத்துவிட்டு, செத்தவனுக்கு மலர் வைப்பது அஞ்சலியா?

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

நிமிஷக் கணக்கைச் சிபாரிசாக அல்ல, சட்டமாக்கு! ஒவ்வொரு நிலையத்தின் கட்டட நிலைமையையும் ஆள் பற்றாக்குறையையும் ஜனங்கள் முன் வை! காலியான வேலைகளை நிரந்தரச் சிப்பந்திகளால் நிரப்பு! தொண்டர்களுக்குப் பயிற்சிக் கூலியும் இன்ஷூரன்சும் கொடு! நகராட்சித் தேர்தலை நடத்து!

செப்பனிடுவதா, இடித்துக் கட்டுவதா? எங்கள் குடிசைக்கு 5 நிமிஷத்தில் வண்டியைக் கொண்டுவருவது எதுவோ, அதைச் செய்!

விமானத்துக்கு ஒரு நிமிஷம், குடிசைக்கு ஒரு நிமிஷம் என்று கடிகாரத்தில் இரண்டு வகை நிமிஷம் கிடையாது. அந்த வேலியை நாம்தான் பிடுங்க வேண்டும்.