பொத்தானுக்குப் பின்னால்

கணினி அறிவியல் மாணவர்களாகிய நாம் நிரல் எழுதுகிறோம், திரையின் மேலே உள்ள பச்சை முக்கோணப் பொத்தானை அழுத்துகிறோம், விடை வருகிறது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். விழிக்கலாமா?

பெரிய நிரல் பல கோப்புகளால் ஆனது. அவற்றைத் தொகுத்து, வேண்டிய நூலகங்களை இணைத்து, இயங்கும் வடிவில் தருவதற்கென்றே தனிக் கருவிகள் உண்டு. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை உருவாக்கினார். திருத்திய கோப்பை மறுபடி தொகுக்காததால், சரியாகிவிட்ட நிரலிலேயே ஒரு நண்பர் பிழை தேடி நேரத்தை வீணாக்கியதுதான் அதற்குத் தூண்டுகோல். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதிவைத்தால் போதும். மாற்றத்தால் பாதிக்கப்பட்டவற்றை மட்டும் மேக் மீண்டும் தொகுக்கும்.

1983-இல் வந்த டர்போ பாஸ்கல், எழுதும் இடத்தையும் தொகுப்பானையும் ஒரே திரையில் கொண்டுவந்தது. வசதி பெருகியது, கூடவே ஒரு சிக்கலும் முளைத்தது. பின்னால் வந்த சில மென்பொருள்கள், கட்டும் விதிகளைத் தமக்கென்று தனியே வைத்துக்கொண்டன. ஆண்ட்ராய்டு செயலிகளையே பாருங்கள். முன்பு எக்லிப்ஸ் தன் வழியில் கட்டும். கட்டளை வரியிலோ 'ஆன்ட்' கட்டும். ஒரே வீட்டுக்கு இரண்டு கொத்தனார்! 2013-இல் அறிமுகமான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இதை மாற்றியது. பொத்தானை அழுத்தினாலும் கட்டளையைத் தட்டினாலும் வேலை செய்வது 'கிரேடில்' ஒன்றே. விதி ஓரிடத்தில் இருக்கவேண்டும். பொத்தான் அதற்குப் பணியாளாக இருக்கவேண்டும். இதுவே முறை என்பது என் கருத்து.

'பொத்தான் இருக்கையில் கட்டளை எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். நாளை வேலைக்குப் போகும் இடத்தில், நம் நிரலை எங்கோ இருக்கும் சேவையகக் கணினி தானே கட்டும். அங்கே பொத்தானை அழுத்த ஆள் இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? சொந்தக் கணினியில் ஓடிய திட்டப்பணி, தேர்வு நாளன்று ஆய்வகக் கணினியில் ஓட மறுத்தால், தேர்வாளர் முன் என்ன சொல்வோம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகக் கணினியைப் பழிப்பதா?

ஆகவே, திட்டப்பணியோடு அதைக் கட்டும் விதிக்கோப்பையும் ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கலாம். செய்முறை வகுப்பில் ஒரு பயிற்சியையாவது கட்டளை வரியில் கட்டிப் பார்க்கலாம். இதற்குப் பணம் வேண்டாம். மேக்கும் கிரேடிலும் இலவசமாகவே கிடைக்கின்றன.

நண்பர்களே! பொத்தானை வெறுக்க வேண்டாம். அழுத்துவோம், அறிந்து அழுத்துவோம்!