கணிப்பு ஊழன்று!

ஊர் வளர்வது மரம் வளர்வது போன்றதன்று. மரம் தன் வித்தில் அமைந்தவாறே வளரும். ஊரோ மாந்தர் இடும் சாலையையும், விற்கும் நிலத்தையும், கண்மூடி விடும் பிழையையும் பின்பற்றி வளரும். ஆகலின், நகர வளர்ச்சியை முன்கூட்டிக் கணிக்க முனைவோர் மாந்தர்தம் செயலையே கணிக்க முனைகின்றனர் என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

இக்கணிப்புமுறை புதிதன்று. வால்டோ தோபிளர் என்னும் நிலநூல் அறிஞர், அமெரிக்காவின் திட்ராயிட்டு வட்டாரத்தில் மக்கள்தொகை பெருகிப் பரவும் வகையை 1970-இலேயே கணிப்பொறியால் படமாக்கிக் காட்டினார். 1990-களில் கீத்து கிளார்க்கு என்பாரும் அவர்தம் குழுவினரும் சான்பிரான்சிசுகோ விரிகுடாப் பகுதிக்கு அமைத்த ஒப்புரு, பின்னர் உலகின் பல நகரங்களுக்கும் பயன்படலாயிற்று.

அதன் அடிப்படை பள்ளி மாணவனுக்கும் விளங்கும். கட்டத்தாளில் ஒரு நகரை வரைக. ஒவ்வொரு கட்டமும் வீடோ, வயலோ, நீர்நிலையோ ஆகும். ஒரு கட்டத்தைச் சூழ வீடுகள் மிகுந்தால், அருகில் சாலை வந்தால், நிலம் சரிவின்றி இருந்தால், அதுவும் வீடாக மாறும் வாய்ப்பு மிகும். எவ்வளவு மிகும் என்பதைப் பழைய நிலப்படங்களைக் கொண்டு அறிவர். அறிந்த ஓர் ஆண்டின் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பர். அதன் பின்னரே வருங்காலத்தை வரைவர்.

கருவி நன்றே. ஆயின், அது கடந்த காலத்தையே ஆசானாகக் கொள்வது. கடந்த காலம் பிழையாயின், அப்பிழையையே இயல்பெனக் கற்று, அதனையே எதிர்காலமென வரைந்து தரும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. சென்னையின் தென்பால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒருகால் ஏறத்தாழ 5,000 எக்டேர் அளவிற்கு விரிந்து கிடந்தது. சுற்றிலுமுள்ள முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் மிகைநீரை ஏற்று, ஒக்கியம் மடுவு வழியே கடலுக்கு அனுப்பியது அது. சாலையும், தொடர்வண்டிப் பாதையும், குப்பைமேடும், மாடிக் கட்டடங்களும் அதனைத் தின்றன. 2022-இல் இராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பரப்பு 1,247 எக்டேரே. 2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் மூழ்கிய கரணியம் இதன்பின் எவர்க்கும் விளங்கும்.

இப்பகுதியின் பழைய படங்களை மட்டும் ஊட்டினால், எஞ்சிய ஈரநிலமும் கட்டடமாகும் என்றே கணிப்பொறி விடை கூறும். அவ்விடையைக் கண்டு, ‘வளர்ச்சி அவ்வழியே செல்கின்றது; சாலையையும் ஆங்கே இடுவோம்’ எனத் திட்டமிடுவோர் முடிவு செய்யின், கணிப்பே கட்டளையாகிவிடும். சாலை வந்தபின் வீடு வரும். வீடு வந்தபின் கணிப்பு மெய்யாயிற்று என்பர். நோயை முன்னறிந்த மருத்துவன் அதனை முற்றவிட்டுத் தன் அறிவைத் தானே புகழ்ந்துகொள்வதை இஃதொக்கும்.

மருந்தும் அவ்வொப்புருவிலேயே உண்டு. கட்டலாகாக் கட்டங்கள் இவையென முன்னரே குறித்துவிட்டால், கணிப்பொறி அங்கு ஒரு வீட்டையும் வையாது. அவற்றைக் குறிப்பவர் யார் என்பதே வினா. மாம்பலத்து நெடிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராயநகர் எழுந்தது. இன்று அங்கு வாழும் இளையோருள் எத்துணைப் பேர் அவ்வேரியை அறிவர்? தாங்கல், ஏந்தல், மடுவு, கலிங்கு என நம் முன்னோர் நீரின் ஒவ்வொரு நிலைக்கும் பெயரிட்டு வைத்தனர். அப்பெயர்களே நம் பழைய நிலப்படம். அவற்றின் பொருளறியாதார் கையில் அவை வெறும் ஒலிகள்; நிலமோ வெறும் கட்டம்.

சென்னைப் பெருநகர்ப் பரப்பு 2022-இல் 1,189 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத்திட்டம் 2026-ஐ எல்லையாகக் கொண்டது. அடுத்த திட்டமோ 2046 வரைக்கும் உரியது. புதிதாய்ச் சேர்ந்த ஊர்களின் ஏரிகளும் வாய்க்கால்களும் அத்திட்டத்தின் படத்தில் கட்டலாகா இடங்களாக ஏறினவா என்பதை அவ்வவ்வூரார் கேட்டறிதல் வேண்டும். படமும் அதன் விளக்கமும் ஊர்மன்றங்களில் தமிழில் வைக்கப்பெறல் வேண்டும். விடுபட்ட நீர்நிலைகளை ஊர்ப்பெரியோர் சுட்டிக்காட்டல் வேண்டும்.

கணிப்பு ஊழன்று, ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையைக் கேட்டு வழியை மாற்றிக்கொள்வதே அறிவு. நாம் மாற்றாவிடின், நீர் தன் பழைய வழியைத் தானே தேடி வரும்!