குருதி செல்லட்டும், நோயாளி இருக்கட்டும்

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் குருதியில் டக்ரோலிமஸ் மருந்தின் அளவை அறிய ஒரு நியதி உண்டு. முந்தைய இரவு மருந்தை உட்கொண்டு 12 மணி நேரம் கழிந்தபின், காலை மருந்தை விழுங்குமுன் குருதி எடுக்க வேண்டும். சோதனை நடக்கும் கண்டி நகரில் குடியிருப்போர்க்கு இஃது எளிது. பொல்பிட்டியவை அடுத்த தோட்டத்தில் வாழ்பவரோ இருள் விலகுமுன் எழுந்து, காலை மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து செல்ல வேண்டும். மண்சரிவால் வீதி அடைபடும் நாளில் சோதனையும் இல்லை. தோட்டத்தில் அன்றைய பேரும், அதாவது நாட்கூலிப் பதிவும், இல்லை.

சிறுநீரக மாற்றீட்டில் 1954இல் பொஸ்டனில் கண்ட முதல் வெற்றி ஒத்த இரட்டையரிடையே அமைந்தது. ஆதலால் உடல் புதிய உறுப்பை வெறுக்கவில்லை. ஏனையோர்க்கு அப்பேறு இல்லை. பிறர் உறுப்பைப் பகையெனத் தாக்கும் உடலின் இயல்பை வாழ்நாள் முழுதும் டக்ரோலிமஸ் போன்ற மருந்தால் தணிக்க வேண்டும். அளவு குறைந்தால் உடல் உறுப்பை மறுக்கும். மிகுந்தாலோ அம்மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும்; தொற்றுக்கும் நீரிழிவுக்கும் வழி திறக்கும். இலங்கையில் 1985இல் தொடங்கிய இச்சத்திரசிகிச்சையில் நம் வைத்தியர்கள் கைதேர்ந்துள்ளனர். அவர்கள் அரிதின் முயன்று பொருத்திய உறுப்பு பின்வரும் ஆண்டுகளில், வீட்டில், மெல்ல மெல்ல இழக்கப்படுவதே நம் கவலை.

அவ்வீடு தோட்டங்களில் பலர்க்கு லயம் எனும் வரிசைவீட்டின் ஓர் அறை. அடுப்புப் புகை, ஈரம் வற்றாத சுவர், பல குடும்பத்துக்கும் பொதுவான நீர்க்குழாய், மழைநாளில் எலிக்காய்ச்சல் அச்சம். தனியறையில் இருத்துக என்று எழுதித் தரும் தாள் அங்கே யாருக்கு உதவும்? தோட்ட வைத்திய உதவியாளர் சத்திரசிகிச்சைக்கு முன்பே அவ்வீட்டைப் பார்த்து, வேண்டுவன செய்விக்க வேண்டும்.

கொடையாளரை நாம் இன்னும் விரைவாக மறந்துவிடுகிறோம். உலகெங்கும் உயிரோடிருந்து சிறுநீரகம் ஈவோரில் பெண்களே மிகுதி. கொழுந்து சுமந்து மேடேறும் தாய் மகனுக்கு ஒன்றை ஈந்தால், சுமை தூக்கலாகாத வாரங்களின் கூலியை யார் தருவார்? ஆண்டுதோறும் அவளது குருதியமுக்கத்தையும் சிறுநீரில் புரதத்தையும் யார் பார்ப்பார்? இந்திய வறியோரின் சிறுநீரகங்களை விலைபேசிக் கொழும்பில் மாற்றுவதாகக் குற்றச்சாட்டு எழவே, 2016இல் அயல்நாட்டவர்க்கான மாற்றீட்டை அரசு நிறுத்தியது. அது நன்று. விலைக்கு வாங்குவோரைத் தடுத்த அரசுக்கு, அன்பால் ஈந்தவரைக் காக்கும் கடனும் உண்டு.

குழாயில் எடுத்த முழுக்குருதியில் டக்ரோலிமஸ் சில நாள் கெடாது நிற்கும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் நோயாளி மலை இறங்க வேண்டியதில்லை. 2017இல் இந்திய உதவியுடன் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலும் நாவலப்பிட்டியிலும் வாரம் ஒரு காலை குருதி எடுத்துக் கண்டிக்கு அனுப்பலாம். மருந்தின் அளவை மாற்றுவதாயின் தொலைபேசியில் தெரிவிக்கலாம். கிளினிக் செல்லும் நாளுக்குத் தோட்டம் முழுப்பேர் பதிய வேண்டும், கொடையாளர்க்கும் அவ்வாறே. பொல்பிட்டிய நீர்மின் நிலையம் 1969 முதல் நாட்டுக்கு மின்சாரம் அனுப்பி வருகிறது. அதே மலையின் மக்களுக்காக ஒரு குருதி வண்டியைச் சுகாதார அமைச்சு வரும் மழைக்காலத்துக்கு முன் ஓடச் செய்ய வேண்டும்.