வேண்டாம் என்றது எதை?

மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. எந்த மக்கள்? யாரைப் பற்றிய தீர்ப்பு?

2023 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரேலியாவில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. பூர்வகுடி மக்களை அரசியல் சட்டத்தில் அங்கீகரித்து, அவர்களுக்கென ‘குரல்’ என்ற பெயரில் ஒரு அவையை அமைக்கலாமா என்பது கேள்வி. அந்த அவை சட்டம் போட முடியாது. போடுகிற சட்டத்தைத் தடுக்கவும் முடியாது. தங்கள் சம்பந்தப்பட்ட விஷயங்களில் பாராளுமன்றத்துக்கும் அரசுக்கும் கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். கேட்டால் கேட்பார்கள், இல்லாட்டி குப்பையில் போடுவார்கள். இதைக்கூட நூற்றுக்கு 60 பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களிலும் தோல்வி. ‘தெரியலன்னா வேண்டாம்னு போடு’ என்பது எதிர்த்தரப்பின் கோஷம். தெரியாததைத் தெரிஞ்சுக்கோ என்று சொல்ல அங்கே ஆளில்லை போலும்.

அந்த நாட்டில் பூர்வகுடிகள் நூற்றுக்கு நாலு பேர்கூடத் தேற மாட்டார்கள். அந்த நாலு பேர் வாய் திறக்கலாமா என்பதற்கு மீதி 96 பேர் கை தூக்கியிருக்கிறார்கள். சேரி விவகாரத்தை ஊர் கூடிப் பேசி ஊரே முடிவு பண்ணுகிற கதை நமக்கொன்றும் புதுசில்லை. பூர்வகுடிகள் நிறைந்து வாழும் இடங்களின் வாக்குப்பெட்டியோ வேறு சொன்னது. பாம் தீவில் 75 விழுக்காட்டினர் ஆதரவு. திவித் தீவுகளில் 84.

1932இல் பூனாவிலும் இதே பிரச்சினைதான் வந்தது. தனி ஒதுக்கீட்டு இடங்கள் எப்போது முடிவது என்பதைத் தீண்டப்படாத மக்களிடம் மட்டும் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தீர்மானிக்க வேண்டும் என்றார் அம்பேத்கர். எத்தனை வருஷம் கழித்து நடத்துவது என்று காந்தியோடு இழுபறி. கடைசியில் ஒப்பந்தத்தில் அந்த வாக்கெடுப்பே காணாமல் போனது. இரு தரப்பும் பேசி முடிவெடுக்கும் வரை என்ற வாசகம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. யாருடைய உரிமையோ அவர்களிடம் கேள் என்பதைத் தாங்கிக்கொள்ள அன்றைக்கும் ஆளில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது. முடிவை அரசியல்வாதிகள் மதிக்க வேண்டாமா என்கிறார்கள். மதிக்கட்டும். கேட்ட கேள்விக்கு வந்த பதிலை மதிக்கட்டும். அரசியல் சட்டத்தைத் திருத்தாதே என்றார்கள், திருத்தவில்லை. பிரதமர் அல்பனீசி அன்றிரவே முடிவை ஏற்றுக்கொண்டார். மறுபடி ஓட்டு வை என்று நானும் கேட்கவில்லை. ஆனால் அத்தோடு விட்டார்களா?

குயின்ஸ்லாந்தில் பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் செய்வதற்கு வழி வகுக்கும் சட்டம் 2023 மே மாதம் நிறைவேறியது. எதிர்க்கட்சியாக இருந்த லிபரல் தேசியக் கட்சியும் ஆதரித்தே வாக்களித்தது. வாக்கெடுப்பு முடிந்து ஒரு வாரத்துக்குள் அதே கட்சி பின்வாங்கியது. 2024 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த மாதமே சட்டத்தை ரத்து செய்தது. பழைய கொடுமைகளை விசாரித்துப் பதிவு செய்யத் தொடங்கியிருந்த குழுவையும் சேர்த்து ஒழித்துக் கட்டியது. ஒப்பந்தம் வேண்டுமா என்று எந்த வாக்குச்சீட்டில் கேட்டார்கள்? உண்மையை விசாரிக்காதே என்று எவன் முத்திரை குத்தினான்? செனட்டர் லிடியா தோர்ப் பூர்வகுடிப் பெண். அவரும் வேண்டாம் என்றவர்தான். முதலில் ஒப்பந்தம் போடு, பல்லில்லாத அவை எதற்கு என்பது அவர் காரணம். அவருடைய ‘வேண்டாம்’ எந்தக் கணக்கில் ஒப்பந்தத்துக்கு எதிரான ஓட்டாகும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1967இல் பூர்வகுடிகளை மக்கள்தொகையில் சேர்த்து எண்ணவும், அவர்களுக்காக மத்திய அரசு சட்டமியற்றவும் நடந்த வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு. அந்தத் தீர்ப்பை எவ்வளவு வேகமாக மதித்தார்கள்? வடக்குப் பிரதேசத்துக்கு நில உரிமைச் சட்டம் வந்ததே 1976இல்தான். ஆமாம் என்ற தீர்ப்புக்கு ஒன்பது வருஷம். வேண்டாம் என்ற தீர்ப்புக்கு ஒரு வாரம். இதற்குப் பெயர் மதிப்பாம்.

விக்டோரியாவும் வேண்டாம் என்று வாக்களித்த மாநிலம்தான். அங்கே 2025இல் ஒப்பந்தச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தெற்கு ஆஸ்திரேலியா தன் மாநிலத்துக்கான ‘குரல்’ அவைக்கு 2024 மார்ச்சில் தேர்தலே நடத்தியது. வாக்கெடுப்பு இவர்கள் கையைக் கட்டிப்போடவில்லை. குயின்ஸ்லாந்து இழுத்து மூடிய விசாரணையை மறுபடி திறக்கவும் அது குறுக்கே நிற்கவில்லை.