கூட்டுக்குள் காற்று வரட்டும்



மார்கழி பிறந்துவிட்டால் உதகை, குந்தா, கோத்தகிரிப் பக்கத்து வாசகர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: 'இந்தக் குளிரைக் கோழி தாங்குமா?' தாங்கும். நன்றாகவே தாங்கும். கோழியின் உடற்சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். நம்மைவிட நான்கு டிகிரி கூடுதல். இறகைச் சிலிர்த்து, இடையில் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தக் காற்றுதான் அதற்குக் கம்பளி. புல்தரையில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும் விடியற்காலையில் கூட்டைத் திறந்து, கட்டையில் அடைந்திருக்கும் பெட்டையின் இறக்கைக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். விறைத்த விரல் ஒரு நிமிடத்தில் இளகிவிடும்.

அப்படியிருந்தும் பனிக்காலத்தில் கோழிகள் சீக்குப் பிடித்துச் சாகின்றன. பல வீடுகளில் இதற்குக் காரணம் குளிர் அல்ல, கூட்டுக்குள் சேரும் ஈரம். கோழி குளிரில் நடுங்குமே என்ற பரிவில் தார்ப்பாய், சாக்கு, பிளாஸ்டிக் தாள் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு கூட்டை இடுக்கு விடாமல் மூடிவிடுகிறோம். கோழிக்கு வியர்க்காது. உடம்பின் ஈரம் மூச்சு வழியாக வெளியேறும். எச்சத்திலும் முக்கால் பங்கு தண்ணீர். பத்துக் கோழிகள் இரவு முழுக்க மூச்சு விட்டு எச்சமிட்டால் அந்த ஈரம் எங்கே போகும்? மேலெழுந்து, குளிர்ந்த தகரக் கூரையில் பட்டு, துளியாகத் திரண்டு, அவற்றின் முதுகிலேயே சொட்டும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மூடிய கூட்டில் மச்சைத் துளைத்துக்கொண்டு எதுவும் வர வேண்டியதில்லை, மழையே உள்ளே பெய்கிறது. நனைந்த இறகு சூட்டைப் பிடித்துவைக்காது. கூடவே, ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணையும் மூச்சுக் குழாயையும் அரிக்கும். அடுத்து சளி, குறட்டை, கண் வீக்கம் என்று வரிசையாக வந்து நிற்கும்.

சோதிப்பது எளிது. காலையில் முதல் வேலையாகத் தகரத்தின் உட்பக்கத்தைத் தடவுங்கள். பிறகு குனிந்து, கோழி நிற்கும் உயரத்துக்கு உங்கள் மூக்கைக் கொண்டுபோங்கள். கை நனைந்தாலோ கண் எரிந்தாலோ கூட்டுக்குக் காற்று போதவில்லை. கூரைக்குச் சற்றுக் கீழே, கோழிகளின் தலைக்கு மேலே, எதிரெதிர்ச் சுவர்களில் நீளவாக்கில் திறப்பு விட்டு, கீரியும் மரநாயும் நுழையாதபடி வலை அடித்துவிடுங்கள். அதற்குக் கீழே, காற்று வீசும் பக்கத்தை மட்டும் சாக்கோ பலகையோ கொண்டு மறைத்தால் போதும். ஈரக்காற்று மேலே போய்விடும், வாடைக்காற்று கோழியின் மேல் படாது. பஞ்சாரத்தில் கவிழ்த்துவைக்கிறவர்களும் சாக்கைப் பக்கவாட்டில் சுற்றுங்கள், உச்சியைத் திறந்து விடுங்கள். பஞ்சாரம் இருப்பது தாழ்வாரத்தில் என்றால் இன்னும் நல்லது.

தரைக்கும் இதே கணக்குதான். மரத்தூள், உமி, நிலக்கடலைத் தோல் என எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை அரையடி உயரத்துக்குப் பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்ல கூளம். உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது, அந்தப் பகுதியை அள்ளிவிட வேண்டும். ஈரக் கூளத்தில்தான் இரத்தக் கழிச்சல் கிளம்பும். அடையும் கட்டை தட்டையாக, நாலு விரல் அகலத்தில் இருக்கட்டும். உட்கார்ந்ததும் மார்பு இறகு பாதத்தை முழுதாக மூடிக்கொள்ளும். இரும்புக் குழாய் வேண்டாம்.

புதிதாகக் கூடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேகமில்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கி, பள்ளத்தில் போய்த் தேங்கும். காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி கொட்டுவது அதனால்தான். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதே என்று ஓடைக்கரையில் கூட்டை வைக்காதீர்கள். சரிவின் நடுப்பகுதியில், காலை வெயில் முதலில் விழும் இடத்தில் வையுங்கள்.

தீனி பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. குளிரில் கோழி கூடுதலாகத் தின்னும், கொடுங்கள். மாலையில் அடைவதற்கு முன் ஒரு கை மக்காச்சோளமோ கம்போ போட்டால், இரவெல்லாம் அது செரித்துக்கொண்டிருக்கும், உடம்பும் சூடாக இருக்கும். நாம் மறப்பது தண்ணீரைத்தான். தின்னும் தீனியைப் போல் இரண்டு பங்கு தண்ணீர் கோழிக்கு வேண்டும். முட்டையிலேயே முக்கால் பங்கு தண்ணீர்தானே. காலையில் சட்டித் தண்ணீரின் மேல் பனி ஆடை கட்டியிருந்தால் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள்.

முட்டை குறைகிறதே என்று சிலர் வருந்துகிறார்கள். குளிரைவிடப் பகற்பொழுதின் குறுக்கம்தான் இதற்கு முக்கியக் காரணம். மார்கழியில் உதகையில் பகல் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். விடாமல் முட்டையிட 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். வியாபாரத்துக்கு வளர்க்கிறவர்கள் விடியலுக்கு முன் விளக்கு போடட்டும். வீட்டுக்கு வளர்க்கிறவர்கள் கோழியைச் சும்மா விட்டுவிடுங்கள் என்பதே என் எண்ணம். இறகு உதிர்த்துப் புதிது முளைக்கிற கோழிக்கு அந்த ஓய்வு தேவை. இறகு பெரும்பாலும் புரதமே என்பதால், கருவாட்டுத் தூளோ பிண்ணாக்கோ கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டு கூட்டத்தாருக்கு மட்டும் தனிக் கவனிப்பு வேண்டும். ஒன்று, கழுத்தறுத்தான் கோழி. சமவெளி வெயிலுக்கு அருமையான இனம், ஆனால் இறகு குறைவு என்பதால் மலையில் சிரமப்படும். மற்றது, குஞ்சுகள். முதல் வாரத்தில் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி. பல்பைக் கம்பிக் கூண்டுக்குள், கூளத்துக்கு எட்டாத உயரத்தில், கயிற்றை நம்பாமல் சங்கிலியில் தொங்கவிடுங்கள். கரியடுப்பைக் கூட்டுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். அதன் புகை நச்சு மனிதர்களையே தூக்கத்தில் கொன்றிருக்கிறது.

விடியலில் இறகைச் சிலிர்த்து நிற்கும் கோழியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நண்பகல் வெயிலிலும் தலையை உள்ளிழுத்துக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு, தீனிக்கு ஓடிவராமல் நின்றால் அதைத் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் மருந்து கிடையாது, முன்கூட்டிப் போடும் தடுப்பூசி மட்டுமே காப்பு. கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இதற்கான இலவச முகாம் நடத்துகிறது. உங்கள் ஊரில் எந்தத் தேதி என்பதை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். அவர்கள் கோழியும் உங்கள் கோழியும் ஒரே குப்பைமேட்டில்தான் மேய்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்