அப்பா எழுதிய கடிதம்



தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதச் சொன்னால், 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கிவிட்டு, அடுத்த வரிக்குப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உங்களில் எத்தனை பேர்?

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்களும் வீட்டுக்கு எழுதும்போது ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கினார்கள். நான் நலம், நீங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன் என்பது அவர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. ஆனால் அடுத்த வரிக்கு அவர்கள் திண்டாடவில்லை. சொல்வதற்கு அவ்வளவு இருந்தது.

அடிமை முறையை விட மாட்டோம் என்று தென் மாநிலங்கள் தனி நாடாகப் பிரிந்ததால் மூண்ட போர் அது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்துபோனார்கள். குண்டு பட்டு இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்களே அதிகம். தொலைபேசி கண்டுபிடிக்கப்படாத காலம். மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள ஓர் ஏழைத் தாய் தபால்காரரைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

வடக்குப் படையினருக்கு 1861இல் ஒரு சலுகை கிடைத்தது. உறையின் மேல் 'சிப்பாயின் கடிதம்' என்று எழுதினால் போதும், தபால்தலை ஒட்ட வேண்டாம். காசை வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். தெற்கிலோ காகிதப் பஞ்சம். சுவரில் ஒட்டும் வண்ணத் தாளை வெட்டி உறை செய்தார்கள். பக்கம் நிறைந்துவிட்டால் தாளைத் திருப்பி வைத்து, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடியும் எழுதினார்கள். படித்தவர்களின் கண் என்ன பாடு பட்டதோ!

எழுத முடியாமல் படுத்திருந்தவர்களுக்கு மற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் கவிஞர் வால்ட் விட்மன். நம் பாரதியார் போற்றி எழுதிய அதே விட்மன்தான். 1862 டிசம்பரில் காயம்பட்ட தம்பியைத் தேடிப் போனவர், அதன்பின் வாஷிங்டன் மருத்துவமனைகளில் கட்டில் கட்டிலாகச் சென்று வீரர்களின் கடிதங்களை எழுதினார்.

ஆனால் இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது வேறொரு கடிதம். மிசௌரி மாநிலத்தில் அடிமையாக இருந்தவர் ஸ்பாட்ஸ்வுட் ரைஸ். அந்த மாநிலத்தில் கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க 1847இலேயே சட்டம் போட்டுத் தடை செய்திருந்தார்கள். எழுத்தைக் கண்டு அவ்வளவு பயம்! படிக்கத் தெரிந்தால் செய்தித்தாளைப் படிப்பான், எழுதத் தெரிந்தால் வெளியே போக எஜமானர் தரும் அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான் என்று நினைத்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை!

1864இல் ரைஸ் வடக்குப் படையில் சேர்ந்தார். அவருடைய மகள்கள் கோராவும் மேரியும் இன்னும் அடிமைகளாகவே இருந்தார்கள். ஜனாதிபதி லிங்கன் 1863இல் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், பிரிந்து போகாத மாநிலமான மிசௌரிக்குப் பொருந்தவில்லை. மேரிக்கு அப்போது வயது 12. உங்களில் பலருடைய வயதுதான்.

அந்த ஆண்டு செப்டம்பரில் மருத்துவமனையில் படுத்திருந்தபடி ரைஸ் இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று மகள்களுக்கு. உங்களை நான் மறக்கவில்லை, உயிரே போனாலும் உங்களை மீட்பேன், படையோடு வருவேன் என்று எழுதினார். மற்றொன்று மேரியை வைத்திருந்த எஜமானிக்கு. என் பிள்ளையை நானே திருடப் பார்க்கிறேன் என்று சொல்கிறாயே, அவள் கடவுள் எனக்குக் கொடுத்த குழந்தை அல்லவா என்று கேட்டார். சில மாதங்களுக்கு முன்புவரை அந்த அம்மாளைப் போன்றவர்கள் முன்னால் தலைநிமிர்ந்து பேசவே முடியாதவர் அவர்.

கடிதத்தில் எழுத்துப் பிழைகள் ஏராளம். முப்பது வருடம் சிவப்பு மைப் பேனாவோடு நோட்டு திருத்தியவன் நான். அதில் ஒரு சுழி போடக்கூட எனக்குக் கை வரவில்லை.

இவ்வளவு காலம் கழித்து அந்தக் கடிதங்கள் நமக்கு எப்படிக் கிடைத்தன தெரியுமா? எஜமானியின் சகோதரர் ஆத்திரத்தோடு இரண்டையும் ராணுவத் தளபதிக்கு அனுப்பி, இந்த ஆளை மாநிலத்தை விட்டே வெளியேற்றுங்கள் என்று புகார் செய்தார். புகாரோடு கடிதங்களும் அரசாங்கக் கோப்பில் தங்கிவிட்டன. இப்போது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவர் கோபப்படாமல் கிழித்துப் போட்டிருந்தால் இந்தக் கடிதங்கள் நமக்குக் கிடைத்தே இருக்காது. அப்படிக் கிழிந்தும் செல்லரித்தும் போன கடிதங்கள் எத்தனையோ.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவோ பாட்டியோ கட்டி வைத்த பழைய இன்லண்ட் கடிதங்கள் இருக்கலாம். பட்டாளத்தில் இருந்த பெரியப்பா எழுதியதாகவும் இருக்கலாம். பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறும் முன் அவற்றைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.

1865 ஜனவரியில் மிசௌரி அடிமை முறையை ஒழித்தது. ரைஸ் பின்னாளில் தேவாலயப் போதகர் ஆனார். மேரி நெடுங்காலம் வாழ்ந்தார். 1937இல், அடிமைகளாக இருந்தவர்களின் நினைவுகளைச் சேகரித்தவர்கள் செயின்ட் லூயிஸ் நகரில் அவரைச் சந்தித்தபோது அவருக்கு வயது 85. அப்பாவைப் பற்றி அவர் ஆசையாகப் பேசினார். எஜமானரின் மகன்தான் அப்பாவுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தாராம். விடுதலைச் செய்தி வந்தபோது அப்பா அதை மற்ற அடிமைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினாராம். எஜமானருக்கு வந்ததே கோபம்!