புளி இல்லாத புளியங்காடு

விழுப்புரம் - திண்டிவனம் பஸ்ஸில் தினமும் தொங்கிட்டுப் போறவங்க கையைத் தூக்குங்க. திந்திரிணின்னா வடமொழியில் புளியமரம். திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆச்சுன்னு சொல்வாங்க. ஊர்ல இருக்கிற சாமி பேரும் திந்திரிணீஸ்வரர்!

இந்தியப் பெருங்கடலில் இன்னொரு 'புளியங்காடு' இருக்கு. ரீயூனியன் தீவு. 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிஞ்சதும், கரும்புத் தோட்ட வேலைக்குப் புதுச்சேரி, காரைக்கால்ல இருந்து கப்பலேறினவங்க நம்ம ஆளுங்க. அந்த எரிமலைத் தீவோட உயரத்தில், மேகம் தவழுற மழைக்காடு. அங்கே நிறைஞ்சு நிக்கிற மரத்துக்கு பிரெஞ்சுல 'மேட்டுப் புளி'ன்னு பேர். ஆனா புளி காய்க்காது பாஸ்! அது அக்கேஷியா, நம்ம கருவேலத்துக்குத் தூரத்துச் சொந்தம். கன்னா இருக்கும்போது இலை புளிய இலை மாதிரியே இருக்கும். வளர்ந்ததும் இலைக்காம்பே தட்டையாகி இலை வேலையைப் பார்க்கும். இதோட பூர்வீகம் 18,000 கி.மீ. தள்ளி இருக்கிற ஹவாய்னு 2014-ல் வந்த மரபணு ஆய்வு சொல்லுது!

அந்தத் தீவோட மலைகளை 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தாச்சு. நம்ம நிஜப் புளி? அப்பா காலத்தில் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கூரை கட்டி நின்னுச்சாம். நாலுவழிச் சாலை வந்த பிறகு நான் பார்க்கிறது நடுவில் அரளிச் செடிதான்.

பேர்ல மட்டும் வனம் இருந்தா போதுமா? இந்த மழைக்கு காலேஜ் வாசல்ல ஒரு புளியங்கன்னு நடலாம். வர்றீங்களா?